நான்கு மணிக்கு, எல்லாருக்கும்

ஷிஜித் ஐந்தேகாலுக்கு எழுந்தான். பாயைச் சுருட்டி வைத்தான். அடுப்பில் பால் ஊற்றாத கட்டன்சாய்க்குத் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் பல் துலக்கினான். புட்டுக் குழாயில் பாதி வரை மாவும் தேங்காயும் போட்டான். ஓர் ஆளுக்குப் பாதிக் குழாய் போதும். வெந்ததும் ஒரு பழத்தைப் பிசைந்து நின்றுகொண்டே தின்றான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஆறேமுக்காலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு பைக்கை எடுத்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. மழைக்கோட்டு போடவில்லை. பதினொரு நிமிடத்தில் டிப்போ வந்துவிட்டது.

அவன் மனைவி லிஜிஷா போய் ஒன்பது மாதம் ஆகிறது. எலிக்காய்ச்சல். ஐந்தே நாள். அவள் அந்த டிப்போவில் கண்டக்டராக இருந்தாள். அவன் அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவன். எம்.சி.ஏ. படித்தவனுக்கு பஸ் கம்பெனியில் என்ன வேலை என்று முன்பெல்லாம் கேட்பார்கள். இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் முடங்கிக் கிடப்பவனுக்கு ஆறுதல் சொல்லலாம். ஏழு மணிக்கு முன்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்கு வந்து நிற்பவனிடம் என்ன சொல்வது?

டிப்போ மலையோர மோட்டார் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துடையது. ஊரில் சொசைட்டி என்றால் போதும். நாற்பத்திரண்டு பஸ். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், கிளார்க் என்று இருநூறு பேர். எல்லாரும் பங்குதாரர்கள், எல்லாருக்கும் ஓட்டு உண்டு. முதலாளியே இல்லாத கம்பெனி என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். அங்கே இருநூறு முதலாளிகள் இருக்கிறார்கள் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த இருநூறு பேருக்கும் மேலே ஒருவர் இருந்தார். பத்மாட்சி சேச்சி. பதவி என்று பார்த்தால் வெறும் டியூட்டி கிளார்க். நாளைக்கு எந்த பஸ்ஸை யார் ஓட்டுவது, கூட யார் கண்டக்டர், யாருக்கு ஓய்வு என்பதைச் சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டில் எழுதுகிறவர். இருபத்திரண்டு வருடமாக அவர்தான். மாலை ஐந்து மணிக்கு எழுத ஆரம்பிப்பார். பலகையில் தாள் ஒட்டும்போது ஏழாகிவிடும். அதற்குள் வீடு போய்ச் சேர்ந்தவர்கள் போனில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் போன்தான் சேச்சியின் ராஜ்ஜியம். "நாளைக்கு எனக்கு என்ன சேச்சி?" என்று நேரே கேட்டுவிட முடியாது. முதலில் முட்டுவலியை விசாரிக்க வேண்டும். பிறகு மகள் துபாயிலிருந்து எப்போது வருகிறாள் என்று கேட்க வேண்டும். சிலருக்கு உடனே பதில் கிடைக்கும். சிலரிடம் "இரு, பாக்கறேன்" என்பார். அந்த "இரு" சமயத்தில் கால் மணி நேரம் நீளும். கைநீட்டி எதையும் வாங்கினார் என்று எதிரிகூடச் சொன்னதில்லை. ஆனால் டிப்போவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் முதலில் போவது அவர் வீட்டுக்குத்தான்.

இதற்கு முன்னால் இரண்டு மெஷின்கள் அந்த டிப்போவுக்குள் வந்து உயிரை விட்டிருந்தன. முதலாவது ஒரு கம்ப்யூட்டர். மின்சாரம் சரியில்லை என்று சொல்லி ஒரே வருடத்தில் அது குடை மாட்டும் இடமாயிற்று. இரண்டாவது விரல் ரேகை பார்த்து வருகைப்பதிவு செய்யும் பெட்டி. இரண்டாம் வாரம் அதன் கண்ணாடியில் யாரோ பலாப்பாலை வழித்துப் பூசிவிட்டார்கள். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு ஆறு மாதம் உட்கார்ந்து, வாசலில் நிற்கும் பலாமரம்தான் காரணம் என்று அறிக்கை கொடுத்தது. மரம் இன்னும் நிற்கிறது. பெட்டியைக் காணோம்.

மூன்றாவது ஷிஜித்தின் கையில் வந்தது. ஆட்களின் பெயர், லைசென்ஸ், சர்வீஸ், ஓய்வு நாள் எல்லாவற்றையும் வைத்து மறுநாள் டியூட்டியைத் தானே போட்டு, மாலை நான்கு மணிக்கு எல்லாருடைய போனுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடும். பிரசிடென்ட் பவித்ரன்தான் அதற்கு ஆர்டர் கொடுத்தவர். டிரைவர்களின் சிரமம் கண்டு அவர் மனம் இளகிவிடவில்லை. ஓணம் முடிந்தால் சங்க இயக்குநர் தேர்தல். பத்மாட்சி சேச்சி எதிர் அணி. கதவைச் சாத்திக்கொண்டு பவித்ரன் ஷிஜித்திடம் சொன்னது ஒரே வாக்கியம்: "இது மட்டும் நடந்துட்டா அந்த அம்மாவோட கொட்டம் அடங்கும்டா."

ஷிஜித்துக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. ஓர் அணியின் கொடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிற எந்த மெஷினையும் அடுத்த அணி உயிரோடு விடாது. முதல் இரண்டும் அப்படித்தான் செத்தன. மின்சாரமும் காரணம் இல்லை, பலாமரமும் காரணம் இல்லை. தெரிந்தேதான் வேலையை ஏற்றுக்கொண்டான். பதினைந்து நாள் சோதனை. பதினாறாம் நாள் பொதுக்குழு. கை தூக்கி ஓட்டு. தோற்றால் சிவப்பு நோட்டு திரும்பி வரும். பிறகு பத்து வருடத்துக்கு யாரும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். அது தோற்கக் கூடாது. இந்த ஒன்பது மாதத்தில் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது அந்த ஒன்றுதான்.

பத்மாட்சி சேச்சி சண்டை போடவில்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். படிவத்தில் ஏழு கட்டம் இருந்தது. இருநூறு பேருக்கும் ஏழு கட்டத்தையும் முத்து முத்தாக நிரப்பிக் கொடுத்தார். ஒரு பிழை கிடையாது. "கேட்டதெல்லாம் குடுத்தாச்சு மோனே. இனி உன் மெஷினாச்சு, நீயாச்சு" என்று நோட்டை மூடி மேஜைக்குள் வைத்துவிட்டு, ஐந்து மணிக்கே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் மெஷின் டிரைவர் கங்காதரனையும் கண்டக்டர் ஹமீதையும் ஒரே பஸ்ஸில் போட்டது.

இருவரும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து இறுதி ஆட்டத்தில் ஒரு பெனால்டி. கொடுத்த ரெஃப்ரி கங்காதரன், அதில் கோல் வாங்கிய கோல்கீப்பர் ஹமீதின் தம்பி. அன்று நின்ற பேச்சு நின்றதுதான். சேச்சியின் நோட்டில் அவர்கள் பெயர் ஒரு நாளும் ஒரே வரியில் வந்ததில்லை. மெஷினுக்கு எப்படித் தெரியும்? சர்வீஸ் சரி, லைசென்ஸ் சரி, ஓய்வு சரி.

மலை ஏறும்போது சமாளித்தார்கள். முன் சீட்டில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இருந்தார். "அடுத்த ஸ்டாப்புல நிறுத்தணும்னு டிரைவர்கிட்ட சொல்லுங்க டீச்சர்" என்பார் ஹமீது. "நிறுத்தத்தான் போறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க டீச்சர்" என்பார் கங்காதரன். டீச்சர் மலை உச்சியில் இறங்கிவிட்டார். திரும்பும்போது ஹமீது பாதி வழியில் சாய் குடிக்க இறங்கினார். இறங்குவதை டிரைவரிடம் சொல்ல ஆள் இல்லை. நேரமானதும் யாரோ ஒரு பயணி விளையாட்டுக்கு, புறப்படலாம் என்கிற இரண்டு பெல் அடித்தான். கங்காதரன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது வருடமாகப் பார்க்காத முகத்தை இப்போது எதற்குப் பார்ப்பது? வண்டியை எடுத்துவிட்டார். ஐம்பத்துமூன்று பேர் கண்டக்டர் இல்லாமல் டிப்போவுக்கு வந்து இறங்கினார்கள். ஹமீது சாய்க் கடை பெஞ்சில், டிக்கெட் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிப்போ இரண்டு நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கேன்டீனில் ஷிஜித்தின் காது படவே, கண்டக்டர் இல்லாமல் ஓட்டிக் காட்டிய மெஷின் அடுத்தபடி டிரைவர் இல்லாமலும் ஓட்டும் என்றார்கள். சிரிப்பு அவனை உறுத்தவில்லை. சிரிப்பவர்களின் எண்ணிக்கைதான் உறுத்தியது. பொதுக்குழு அன்றே நடந்திருந்தால் முப்பது ஓட்டுகூடத் தேறியிருக்காது.

பவித்ரன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஒரு வெள்ளைத்தாள் தயாராக இருந்தது.

"எழுதிக் குடு மோனே. அந்த அம்மா தெரிஞ்சே மறைச்சாங்கன்னு ஒரு வரி போதும். திங்கக்கிழமையே சஸ்பெண்ட் பண்ணிடறேன்."

"மறைக்கலை சார். கேட்டதை எல்லாம் குடுத்திருக்காங்க. நாமதான் கேக்கலை."

"நீ யாரு பக்கம்டா?"

"நாலு மணி பக்கம் சார்" என்றான் ஷிஜித்.

பவித்ரன் திட்ட வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பெண்டாட்டி செத்தவனைத் திட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்திருக்கலாம். தாளை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

ஷிஜித் நேரே டியூட்டி அறைக்குப் போனான். மதியம். பத்மாட்சி சேச்சி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்து மத்தி வறுவலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். தின்றாயா என்று கேட்டார். இல்லை என்றான். பாத்திர மூடியில் கொஞ்சம் சோறும் இரண்டு மத்தியும் வைத்து அவன் பக்கம் தள்ளினார். ஒன்பது மாதத்தில் யாரும் அப்படி, வேண்டுமா என்று கேட்காமல், தள்ளியதில்லை. அவன் உட்கார்ந்து தின்றான். பாதி தின்ற பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். யாரை யாரோடு சேர்க்கக் கூடாது என்று ஒரு பட்டியல் வேண்டும்.

சேச்சி சிரித்தார். "அது பட்டியல் இல்ல மோனே. அது வெளியே போனா இந்த ஊர்ல பாதி வீட்ல அடுப்பு எரியாது."

பிறகு, பெயர் சொல்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருவன் தங்கையை மற்றவன் வீட்டில் கட்டிக்கொடுத்து, அவள் மூன்றே மாதத்தில் திரும்பி வந்ததால் முகம் பார்க்காத இரண்டு பேர். ஒரு வளைவில் பஸ் கவிழ்ந்த நாளிலிருந்து அந்தப் பாதையில் ஓட்ட முடியாத ஒருவன். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு வயிற்றுவலி என்பான். அம்மாவை வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறவன். காலை முதல் ட்ரிப்புக்குப் போடவே கூடாத ஒருவன். ஏன் என்பது அவன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. ஷிஜித் கேட்டுக்கொண்டே இருந்தான். தன் மெஷினில் ஏழு கட்டம். இந்த அம்மாளின் தலைக்குள் எழுநூறு. ராஜ்ஜியம் என்று டிப்போ நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி காவல் வேலை.

"இது பவித்ரன் கண்ணுல பட்டா என்ன ஆகும் தெரியுமா? தேர்தலுக்கு முந்தின நாள் மைக்ல படிப்பான்."

"படாது சேச்சி. மெஷின்ல இதுக்குன்னு தனிப் பக்கம், அதுக்கு உங்க பாஸ்வேர்டு. நான்கூடத் தொறக்க முடியாது."

"பூட்டுப் பண்ணினவனே தொறக்க முடியாத பூட்டா?"

"ஆமா."

அவர் நம்பவில்லை. நம்புகிறவர் என்றால் இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்திருக்க மாட்டார். அன்று சாயங்காலமே அவன் அந்தப் பக்கத்தைத் தயாரித்துக் கொடுத்தான். அவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது சுவரைப் பார்த்து நின்றான். அவர் ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அவனை உட்காரச் சொல்லி, திறந்து காட்டச் சொன்னார். முயன்றான். திறக்கவில்லை. இன்னொரு முறை முயலச் சொன்னார். திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இன்னொன்றும் அவன் கொடுத்தான், அவர் கேட்காமலே. போனுக்குப் போகும் ஒவ்வொரு செய்தியின் கீழும் "பத்மாட்சி" என்று பெயர் இருக்கும். தினமும் மூன்று மணிக்கு மெஷின் போட்ட டியூட்டியை அவர் பார்ப்பார். நான்கு வரை எதையும் மாற்றலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சேச்சி பேரத்துக்கு வந்தார். மூன்றுக்குப் பார்க்கிற சமயத்திலேயே வேண்டியவர்களுக்குத் தானே போனில் சொல்லிவிடுவதாகவும், மற்றவர்களுக்கு மெதுவாக ஆறு, ஏழு மணிக்குப் போனால் போதும் என்றும் சொன்னார்.

"அது மட்டும் முடியாது சேச்சி. நாலு மணிக்கு, எல்லாருக்கும் ஒண்ணா."

"நாலு அஞ்சானா உலகம் முங்கிடுமா?"

"முடியாது சேச்சி."

"எல்லாத்தையும் விட்டுக் குடுத்தே. இதுல மட்டும் என்னடா இந்தப் பிடிவாதம்?"

ஷிஜித் மதியம் தின்ற பாத்திர மூடியைக் கழுவிக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தான்.

சேர்க்கக் கூடாத அறுபத்தோரு ஜோடிகளை உள்ளே ஏற்ற அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. எட்டாம் நாள் மாலை முதல் செய்தி அவர் பெயரோடு போனது. டிப்போ திகைத்துவிட்டது. எதிர் அணிக்காரர்கள் மெஷினைக் கிழிக்கலாம் என்று தீட்டி வைத்திருந்த நாக்கை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார்கள். செய்தியின் அடியில் அவர்கள் தலைவியின் பெயர் இருந்தது. இந்தப் பக்கம் பவித்ரன் கொதித்தார். மெஷினைக் கொண்டுவந்தது தான், பெயர் மட்டும் அவளுக்கா என்று கேட்டார். ஷிஜித் குரல் உயர்த்தாமல் பதிலுக்கு ஒன்று கேட்டான்: ஓட்டு வேண்டுமா, பெயர் வேண்டுமா? பவித்ரன் தலை எண்ணுவதில் கெட்டிக்காரர். மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, ஓட்டே இருக்கட்டும் என்றார்.

அன்று சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை சேச்சியின் போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை. போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து தன் எண்ணுக்குத் தானே கூப்பிட்டுப் பார்த்தார். அடித்தது. இதை அவரே மறுநாள் ஷிஜித்திடம் சொன்னார், சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் ஒருவர் இருவராகக் கூப்பிட்டார்கள், டியூட்டி கேட்க அல்ல. கேட்க வேண்டிய காரியம் எதுவும் இல்லாமலே முட்டுவலியை விசாரித்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரையும் அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாளிலிருந்து ஒரு ட்ரிப்பும் தவறவில்லை. டயாலிசிஸ்காரன் அம்மாவோடு போய் வந்தான். வளைவுக்குப் பயந்தவன் சமதளத்தில் ஓட்டினான். யாருக்கும் வயிற்றுவலி வரவில்லை.

பதினாறாம் நாள் ஞாயிறு. வாசகசாலை ஹாலில் பொதுக்குழு. சாயும் பழம்பொரியும் முடிந்தபின் விவாதம் ஆரம்பித்தது. ஹமீது எழுந்து, சாய்க் கடையில் விட்டுவிட்டு வந்த பஸ்ஸைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கங்காதரன் எழுந்து, தலைவர் பக்கம் மட்டும் பார்த்து, "அவர் எறங்கினது எனக்கு யாரும் சொல்லலைன்னு தலைவர் அவருக்குச் சொல்லணும்" என்றார். ஹால் குலுங்கியது. சிரிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஷிஜித் பார்த்தான். இப்போது யாரும் மெஷினைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

கடைசியாக பத்மாட்சி சேச்சி எழுந்தார். ஹால் தானாக அடங்கியது.

"மெஷின் நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். "அதுக்குள்ள நான் இருக்கேன். அது மட்டும் சொல்றேன்."

உட்கார்ந்துவிட்டார். ஆதரவாக நூற்று முப்பத்தொன்று, எதிராக நாற்பத்து நான்கு. கைகளை எண்ணியது ஷிஜித். அவன் சம்பளத்துக்கு இருப்பவன், பங்குதாரர் இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. இரண்டு முறை எண்ணினான்.

எல்லாரும் கலைந்த பின் மழைக்காக வாசலில் நின்றிருந்தான். சேச்சி குடையோடு வந்தார். விரிக்கவில்லை, பக்கத்தில் வந்து நின்றார். ஜெயித்துவிட்டாய், இப்போதாவது சொல், அந்த நான்கு மணியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றான். அவர் மழையைப் பார்த்துக்கொண்டே லிஜிஷாவைப் பற்றிப் பேசினார். நல்ல பெண், டிக்கெட் காசு ஒரு நாளும் குறைந்து வந்ததில்லை என்றார். கடைசி நேரத்தில் குருவாயூரப்பன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போனாளாமே, அவள் அம்மா போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறாளே என்றார்.

"அப்படித்தான் சொல்றாங்க சேச்சி."

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

லிஜிஷா குருவாயூரப்பன் பெயரைச் சொல்லவில்லை. காய்ச்சலின் ஐந்தாம் நாள் மாலை ஐந்தேகாலுக்கு ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்தாள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது. ஒன்று கேட்டாள். அதற்குப் பதில் வாங்கிவர அவன் போனோடு வராந்தாவுக்குப் போனான். பிஸி. திரும்பவும் பிஸி. ஐந்திலிருந்து ஏழு வரை இருநூறு பேரும் அந்த ஒரே எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பது நிமிடம் நின்று கூப்பிட்டான். இணைப்பு கிடைத்தபோது, அவளுக்கு ஒரு வாரம் லீவு போட்டாயிற்று, நிம்மதியாகப் படுக்கச் சொல் என்று பிரியமாகத்தான் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அதற்குள் அவள் வாயில் குழாய் வைத்திருந்தார்கள். பிறகு எடுக்கவே இல்லை.

இதை அவன் சேச்சியிடம் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டான். போன் பிஸியாக இருந்தது அந்த அம்மாளின் குற்றம் அல்ல. இருநூறு பேருக்கு ஒரு போன் என்று வைத்திருந்த ஏற்பாட்டின் குற்றம். அந்த ஏற்பாடு இன்று சாயங்காலத்தோடு முடிந்தது. இனி நான்கு மணிக்கு மேல் யாருடைய பெண்டாட்டியும் யாரையும் வராந்தாவுக்கு அனுப்ப வேண்டியதில்லை.

அன்று அவள் தலையணையில் முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"நாளைக்கு எனக்கு என்ன டியூட்டின்னு சேச்சிகிட்ட கேட்டுட்டு வா."